கயத்தாறில் நின்ற கார்

ஐயா,

போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே "சாப்பிட்டியா, அங்கன மழை உண்டா" என்று நான் திரும்பிவிடுவேன். சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதனால் கடைக்கு லீவான இந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே மேசையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். முடித்தாச்சா என்று கேட்கவில்லை. எழுதுகிறேனா, சும்மா உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். கம்பு நுனியில் மாவிலை கட்டி, நவதானிய முடிச்சுப் போட்டு, குழியில் பால் ஊற்றியாகிவிட்டது. எல்லோரும் கம்பில் ஒரு கை வைத்தோம். உன் மாமா உன்னைப் பார்த்து, மாப்பிள்ளை நீதான் முதல் கை வைக்கணும் என்று கூப்பிட்டார். நீ இரண்டு எட்டு பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நான் வேண்டாம் மாமா. என் கை ராசி தெரியும்லா? பந்தல் சாஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் கை இல்லாமல் கம்பை நட்டுவிட்டோம். மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தியதும் நான்தான். அதற்கப்புறம் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். வெயில் என்ன பாவம் பண்ணியது?

அந்தப் பழைய காரை நீ மறந்திருக்க மாட்டாய். திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் வாங்கியது. சாவியை என் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். விளாத்திகுளம் பக்கம் ஊர் ஊராகப் போய் மிளகாய் வத்தல் கொள்முதல் பண்ணுகிறவனுக்குக் கார் இருந்தால் ஒரு மதிப்பு என்று நினைத்தேன். மதிப்பு வந்ததோ இல்லையோ, வத்தல் மூட்டைகளைப் பின் சீட்டில் போட்டுப் போட்டு, மெத்தைக்குள்ளே காரம் இறங்கிவிட்டது. ஏறி உட்கார்ந்த ஆள் கதவைச் சாத்துவதற்குள் தும்ம ஆரம்பித்துவிடுவார். உன் அத்தை ஒரு கல்யாணத்துக்கு நம் காரில் வந்து இறங்கினாள். கண்ணும் மூக்கும் சிவந்து, இழவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள். பெண் வீட்டார் பதறிப்போனார்கள்.

இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காது. வெயில் ஏறினால் பெட்ரோல் பம்பு சூடாகி நின்றுவிடும். ஈரத்துணி சுற்றி, காய்ச்சல்காரன் பக்கத்தில் உட்காருவதுபோல ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கரிசலில் இறங்கிவிட்டால் சக்கரத்தோடு பாதி வயலும் சேர்ந்து சுற்றி வரும். பஞ்சர் என்று ஜாக்கி வைத்தால் கார் மேலே வராது, ஜாக்கி கீழே போகும். ஒரு தடவை புதைந்த ஜாக்கியை எடுக்கக் கடப்பாரை வாங்கப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா அந்தக் காருக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

பழுது பார்ப்பதில் எனக்கு ஆசை பெரிது, அறிவு சிறிது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஏமாற்றுவார்கள் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. கையில் கிரீஸைத் தேய்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறபோது, போகிற வருகிறவர்கள் "அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியும்போல" என்று சொல்ல வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது. ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றி, பேப்பர் விரித்து வரிசையாக வைத்து, துடைத்து, திரும்ப மாட்டினேன். மூன்று திருகாணி மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருப்பான் என்று சொன்னேன். நீ அப்போது எட்டாம் வகுப்பு. உட்கார்ந்து மறுபடி கழற்றினாய். ஒரு மணி நேரத்தில் மூன்றும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தன, வண்டியும் முதல் தடவையிலேயே கிளம்பியது. நான் உன்னைப் பாராட்டவில்லை. "படிக்கிற நேரத்துல உனக்கு என்னலே இங்கன வேலை" என்று விரட்டினேன்.

எனக்கு உன் கையைப் பார்த்துப் பொறாமை இருந்தது, ஐயா. பெற்ற பிள்ளைமேல் பொறாமையா என்று நீ கேட்கலாம். இருந்தது. என்ஜின் ஓடுகிற சத்தத்தை வைத்தே "ஒரு பிளக் அடிக்கலப்பா" என்று நீ சொல்வாய். நான் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்ப்பேன். நீ சொன்னபடிதான் இருக்கும். காற்று உள்ளே போயிருக்கும், ஈரம் பட்டிருக்கும் என்று எதையாவது சொல்லி நானே கண்டுபிடித்த மாதிரி முடித்துவிடுவேன். மிக்ஸி, டேபிள் பேன், பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் உன் கைக்கு வந்து சரியாகிப் போயின. பாலிடெக்னிக்கில் சேர்ந்து மெக்கானிக்கல் படிக்கப் போகிறேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய்.

நீ பத்தாவது முடித்த வருஷம், திருநெல்வேலியில் அந்த பாலிடெக்னிக்கிலிருந்து நேர்முகத்துக்குக் கார்டு வந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் காரின் ரேடியேட்டர் சொட்டுகிறது. கடைக்கு லோடு ஏற்ற வந்த ஒரு லாரி டிரைவர், ஒரு கை மஞ்சப்பொடியை ரேடியேட்டர் தண்ணியில போடுங்க அண்ணாச்சி, ஓட்டையப் போய் அடச்சிக்கிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் மஞ்சள்பொடி இல்லை. மில்லிலிருந்து சாம்பிளுக்கு வந்த வத்தல் பொடி இருந்தது. விதை சரியாக அரைபடாத, கொரகொரப்பான பொடி. பொடி என்றால் எல்லாம் பொடிதானே என்று நினைத்தேன். நமக்குச் சோறு போடுகிற சாமான் நம்மைக் கைவிடாது என்றும் நினைத்தேன். இரண்டு கை அள்ளி ரேடியேட்டரில் போட்டேன். அரை மணி நேரத்தில் சொட்டு நின்றுவிட்டது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. யாரிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலி போய்த் திரும்பி வந்த பிறகு கடைத்தெரு முழுக்கச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நீ படிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்தியிருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் படி. முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் தண்ணீர், ஆயில் பார்க்கச் சொல்லி உன்னை அனுப்பினேன். நீ பார்த்துவிட்டு வந்து, தண்ணி நெறஞ்சிருக்கு, ஆனா நிறம் செவப்பா இருக்குப்பா என்று சொன்னாய். பழைய வண்டி, துரு என்று நான் சொன்னேன். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் தண்ணீரை மாற்றி, நீயே ஒரு வழி பண்ணியிருப்பாய். நீ என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாயோ என்று பயம். பதினைந்து வயசுப் பிள்ளையின் சிரிப்புக்குப் பயந்தேன்.

ஆனி மாசக் காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் நாம் வாங்கின நாளிலிருந்தே செத்துப்போன முள். கார நெடி கொஞ்சம் அதிகமாக வந்தது. ஆனால் நம் காரில் எப்போது நெடி இல்லாமல் இருந்தது? கயத்தாறுக்குக் கிட்டே போகும்போது பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரங்கட்டலாம்ப்பா என்று நீ சொன்னாய். ஊருக்குள் போய்விடலாம் என்று நான் மிதித்தேன். லாரிகள் நிற்கிற அந்த டீக்கடை முன்னால் ஒரு சத்தம், அதோடு என்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து பேர் டீ கிளாஸோடு வந்து சுற்றி நின்றார்கள். தண்ணீர் பார்க்காமல் எடுத்து வந்துவிட்டீர்களா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன்.

"தண்ணி பாத்தியாலே?"

"பாத்தேன்ப்பா. நெறஞ்சிருந்துச்சு."

"என்னத்தப் பாத்தே? விளங்காத கைலே உன் கை. நீ தொட்டது எது விளங்கியிருக்கு?"

உன் முகம் சுருங்கியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியவில்லை, கூடத்தைக் குறை சொல்லவும் தைரியம் இல்லை, நின்றுகொண்டிருந்த பிள்ளையைக் கோணல் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் யாரும் நாலு வார்த்தை பேசுவதுதான் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கோபம் இல்லை. ரேடியேட்டரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

காரை டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். நேரத்துக்கே போய்ச் சேர்ந்தும்விட்டோம். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் உன் மார்க்கைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கலில் இடம் இருக்கிறது தம்பி, எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். இரண்டு வருஷமாக நீ எதிர்பார்த்த கேள்வி. நீ தலை நிமிராமல், "வேண்டாம் சார். எனக்கு மெஷின் கைவராது" என்று சொன்னாய். அவருக்கே ஆச்சரியம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அப்பா என்ன சொல்லுதீங்க என்று கேட்டார்.

"அவன் இஷ்டம் சார்" என்றேன்.

இந்த மூன்று வார்த்தைதான், ஐயா. கயத்தாறில் சொன்னதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, இதை மறக்க முடியாது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சார், இவன் கை நல்ல கை, தப்பு பண்ணினது நான் என்று சொல்லியிருக்கலாம். நமக்குப் பின்னால் அடுத்த பிள்ளையும் அவன் அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். வடை வாங்கிக் கொடுத்தேன். மரியாதைக்காகத் தின்றாய். அடுத்த வாரம் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப்பில் சேர்ந்தாய்.

காரை நம் மெக்கானிக் செய்யது பாய் ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். பையன் தண்ணீர் பார்க்காமல் விட்டுவிட்டான் என்று அவரிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒரு தகரத் தட்டில் செக்கச் செவேல் என்று ஒரு விழுது, அதில் நிறைய வத்தல் விதை. ரேடியேட்டரைத் திறந்து வழித்து எடுத்தது. குழாய் ஒன்று விடாமல் அடைத்துக்கொண்டிருந்ததாம். "அண்ணாச்சி, இது காரா, மீன் குழம்பா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளியே சொல்ல வேண்டாம் பாய், வத்தல் வியாபாரி ரேடியேட்டரில் வத்தல் போட்டான் என்று தெரிந்தால் கடைத்தெருவில் நடக்க முடியாது என்றேன். அவரும் தலையாட்டினார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல, அப்போ பையன் தண்ணி பாக்கலன்னு சொன்னீகளே என்று கேட்டார். நான் தகரத் தட்டையே பார்த்தேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டிய நான் சரி பண்ணிருவேன் அண்ணாச்சி. பையன்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

சொல்லுதேன் என்றேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு மாசம் போனது. ஒரு மாசம் கழித்துச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஆகும். ஒரு வருஷம் கழித்து அதைவிடக் கஷ்டம். இதற்குள் விளங்காத கை என்கிற அந்தச் சொல் வீட்டில் வேர் விட்டுவிட்டது. மிக்ஸி நின்றால் "அவன் தொட்டானா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தை பிறந்து புது வத்தல் வந்தால் முதல் மூட்டையை வீட்டுப் பிள்ளை கையால் பிரிப்போம். அந்த வருஷத்திலிருந்து உன் தங்கச்சியைக் கூப்பிட்டோம். நீயும் சளைக்கவில்லை, மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நீயே சொல்லிச் சிரிக்கப் பழகிக்கொண்டாய். ஸ்குரூ டிரைவரைத் தொட்டு நான் உன்னை அப்புறம் பார்க்கவே இல்லை. மெட்ராஸில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் ஒரு பைக்குகூட வாங்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்லி வைத்திருக்கிறாயாம், வீட்டில் பல்பு மாட்டுவதுகூட அவள்தான் என்று. அவள் அதை வேடிக்கையாக அம்மாவிடம் போனில் சொன்னாள்.

புதுக் குடித்தனத்துக்குப் போகிறவனுக்கு ஒரு புத்தி சொல்கிறேன். எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை. பட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன். வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் முதலில் சாமானைப் பார். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பார்க்காதே. யார் தொட்டது என்ற கேள்வியே வாயில் வர வேண்டாம். அந்தப் பெண் பாலைப் பொங்க விடுவாள், சாவியைத் தொலைப்பாள், நீயும் எதையாவது உடைப்பாய். உடைந்ததை ஒட்டலாம், இல்லை தூக்கிப் போடலாம். அந்த நேரத்தில் ஒரு ஆள்மேல் ஒட்டிவிட்ட பெயரை உரிக்க ஆள் கிடையாது. இன்னொன்று, தப்பு உன்னுடையது என்றால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொன்னால் அது ஒரு சிரிப்போடு போய்விடும். எனக்கும் ஒரு வாரம் கடைத்தெரு சிரித்திருக்கும். சிரிக்கட்டுமே. நீ என்ஜினியராக ஆகியிருப்பாயோ இல்லையோ, பந்தக்காலில் கை வைத்திருப்பாய்.

போன வியாழக்கிழமை செய்யது பாய்க்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். இப்போது ஷெட்டை மருமகன் பார்த்துக்கொள்கிறார். இவருக்கு முட்டு வலி, வீட்டோடு இருக்கிறார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு நாற்காலி போடச் சொன்னார். தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினேன். கையை நீட்டப் போனவர் நிறுத்திக்கொண்டு, பையன்கிட்ட சொல்லிட்டீகளா என்று கேட்டார். எதை என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் இல்லை பாய் என்றேன். அவர் தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

"நீங்க வச்சிட்டுப் போவேண்டாம் அண்ணாச்சி. பையன் வந்து தரட்டும், வாங்கிக்கிடுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. டீ கொடுத்துத்தான் அனுப்பினார். நான் வீட்டுக்கு வந்து முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நானும்லா அந்தப் பிள்ளைய மிக்ஸியத் தொட விடல" என்று சொல்லி அழுதாள். ஐயா, அம்மாமேல் உனக்கு வருத்தம் வேண்டாம். அவள் என் பேச்சை நம்பினாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலமே உன் மாமாவிடமும் போய்ச் சொன்னேன். கதை முழுக்கக் கேட்டுவிட்டு, முதலில் சிரித்தார், பிறகு "அத்தான், நீங்க செஞ்சது தப்பு" என்றார். இதை எழுதும்போது உன் தங்கச்சிக்கு மட்டும்தான் பாக்கி. அவளுக்கும் போன் போடுவேன்.

மன்னித்துவிட்டேன் என்று உடனே போன் பண்ணிவிடாதே. உனக்கு இளகிய மனசு, பண்ணிவிடுவாய். எனக்கு அது சுலபமாகிவிடும். கோபம் வந்தால் கோபமாகவே இரு, கல்யாண வீட்டில் என்னோடு பேசாமல் இருந்தாலும் யாரும் உன்னைக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் செய். வருகிற சனிக்கிழமை நீ ஊருக்கு வருவாயே, அன்றைக்கு செய்யது பாய் வீட்டுக்கு நீயே போய்ப் பத்திரிகை கொடு. கொடுத்துவிட்டு, அன்றைக்கு அந்த ரேடியேட்டரில் என்ன இருந்தது என்று கேள். நான் கூட வரமாட்டேன். நான் இருந்தால் அவர் என் முகத்துக்காகக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார். இந்தக் கடிதத்தில் நான் எதையாவது குறைத்திருந்தாலும் அவர் சொல்லிவிடுவார்.

உன்
அப்பா